நிழலில் வெட்டிய குழிகள்

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு என் கை பேனாவைப் பிடித்ததைவிடக் கடப்பாரையைப் பிடித்ததுதான் அதிகம். எந்த ‘ர’ எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் தகராறு உண்டு. தப்பு கண்ட இடத்தில் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாமே என்றால், நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது திருச்சியில், நிலத்தை வகைப்படுத்தும் ஆபீசில். எந்த நிலம் உழவுக்கு ஆகும், எது மேய்ச்சலுக்கு, எதைக் காடாகவே விட்டுவிட வேண்டும் என்று பிரித்து, படத்தில் கலர் அடித்துக் காட்டுவது அந்த ஆபீசின் வேலை. மண், அதன் ஆழம், சரிவு, தண்ணீர் நிற்கிறதா ஓடுகிறதா, மேலே என்ன செடி முளைத்திருக்கிறது, இத்தனையும் பார்த்துத்தான் பிரிப்பார்கள். நான் அங்கே நிலம் அளக்கும் சங்கிலியை இழுப்பவன், மண் பார்க்கக் குழி வெட்டுபவன். போன வருஷம் ஐம்பத்தைந்து முடிந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

இப்போது ஆகாய விமானத்திலிருந்து எடுத்த போட்டோக்கள் ஆபீசுக்கு வந்திருக்கின்றனவாம். புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆபீசர்கள் ஸ்ரீரங்கத்தில் என் வீடு தேடி வந்தார்கள். “போட்டோவுல மரம் தெரியுதுங்க, பாறை தெரியுது. குழி எங்க வெட்டணும்னுதான் தெரியலை. அருளப்பன் சார் எப்படிப் பண்ணுவார்? நீங்கதான கூட இருந்தீங்க?” என்று கேட்டார்கள். நான் வழக்கம்போல “அது வந்துங்க… அது…” என்று இழுத்தேன். காப்பி ஆறியதுதான் மிச்சம். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் வேலையில் சேர்ந்தது 1951-ல். அதற்கு முன் கொள்ளிடத்தில் மணல் வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சங்கிலியை முறுக்காமல் இழுக்கவும், குழியின் சுவரை நேராக இறக்கவும், மண்ணை அடுக்கு மாறாமல் பையில் கட்டவும் ஒரு கோடைக்குள் கற்றுக்கொண்டேன். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் மாதம் கை கொப்பளித்தது, அப்புறம் காய்த்துவிட்டது.

அருளப்பன் சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மண்ணைப் பார்த்து வகை எழுதும் ஆபீசர் அவர். மேலப்புதூர்ப் பக்கம் வீடு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். வெளியூர் முகாமில் இருந்தால் காலையில் கண்ணை மூடி ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் டீ. ஒல்லியான ஆள், குரல் அதைவிட ஒல்லி. எங்களைப் போன்றவர்களையும் “வாங்க, போங்க” என்றுதான் கூப்பிடுவார். சேர்ந்த புதிதில் அவர் “கோவிந்தன், கொஞ்சம் இங்க வாங்க” என்றபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

குழி வெட்டி முடித்ததும் செருப்பைக் கழற்றி மேலே வைத்துவிட்டுத்தான் உள்ளே இறங்குவார். ஒரு சின்னக் கத்தியால் குழியின் ஒரு சுவரை மட்டும் மேலிருந்து கீழாகச் சுரண்டிச் சுத்தம் பண்ணுவார். மண்வெட்டி பட்ட முகத்தைப் பார்க்கக் கூடாது, அது பொய் சொல்லும் என்பார். பிறகு மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து, தண்ணீர் விட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தள்ளுவார். களிமண்ணாக இருந்தால் நாடா மாதிரி நீண்டு வரும். மணலாக இருந்தால் உதிர்ந்துவிடும். ஒரு கண்ணாடிப் புட்டியிலிருந்து திராவகம் ஒரு சொட்டு விடுவார். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். வேர் எதுவரை போயிருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே போவார், வைத்தியர் நாடி பார்ப்பது போல. மேலே ஏறிய பிறகு, குழிப் பக்கத்தில் நாலு முளை அடித்துக் கயிறு கட்டச் சொல்வார். அந்தச் சதுரத்துக்குள் எத்தனை செடி, என்ன செடி என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். ஊர்ப் பெயரை நான் சொல்வேன், வாயில் நுழையாத இன்னொரு பெயரை அவர் எழுதிக்கொள்வார்.

எல்லா இடத்திலும் எங்களை வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். லால்குடிப் பக்கம் ஒரு மிராசுதாரர் எங்களை வரப்பிலேயே நிறுத்திவிட்டார். “நஞ்சையில பொணக்குழியா வெட்ட வந்தீங்க? ஏய்யா, சோறு போடுற மண்ணு. அதுக்கு வயித்தைக் கிழிச்சுப் பார்க்கணுமா?” என்றார். என் கூட வேலை பார்த்த மாணிக்கம் வாய் சும்மா இராதவன். “வயித்து வலி இல்லைன்னு டாக்டர் எழுதிக் குடுக்கணும்லங்க” என்றான். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெட்டிய மண்ணை அடுக்கு மாறாமல் திரும்ப மூடித் தருவதாக அருளப்பன் சார் வாக்குக் கொடுத்தார். அப்படியே மூடினோம். மேல் மண் மேலேயும் கீழ் மண் கீழேயும் போனதை நின்று பார்த்துவிட்டு, மிராசுதாரர் மோர் கொடுத்து அனுப்பினார்.

இனி அந்தப் பச்சைமலை அடிவார விஷயம். ஐம்பத்தெட்டாம் வருஷமோ ஐம்பத்தொன்பதோ, சரியாக நினைவில்லை.

உப்பிலியபுரத்தைத் தாண்டி மலைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய மேய்ச்சல் புறம்போக்கு. நாலைந்து ஊர் ஆடு அங்கேதான் மேயும். சரளை நிலம், ஊடே ஊடே உசில மரம், மலைப் பக்கமிருந்து சரிந்து ஒரு ஏரியில் போய் முடியும். அந்த நிலத்தை உழவுக்குக் கொடுக்கலாமா என்று மேலே கேட்டிருந்தார்கள். உழவுக்கு ஆகும் என்று நாங்கள் கலர் அடித்தால், பட்டா போட்டு டிராக்டர் விட ஆள் தயாராக இருந்தது. ஆகாது என்றால் ஆடுகளுக்கு விட்டுவிடுவார்கள்.

பங்குனியில் போனோம். குழி வெட்ட வேண்டிய இடத்துக்கெல்லாம் படத்தில் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பாறை, கிணறு, வீடு ஏதாவது இருந்தால் கொஞ்சம் தள்ளி வெட்டிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கூலிக்கு வந்த ஆள் ஒருவர் மயக்கம் போட்டு விழுந்தார். அருளப்பன் சார் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, “வெயில்ல நின்னு சாக வேண்டாம். பக்கத்துல நிழல் இருந்தா அங்க தள்ளி வெட்டுங்க” என்றார். எங்களுக்குப் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் முதலில் மரத்தைத்தான் தேடினோம். குழி நன்றாக இறங்கியது. கறுத்த, பொலபொலப்பான மண். மேலே நாயுருவியும் குப்பைமேனியும் ஊமத்தையும் காய்ந்து நின்றன. நாயுருவி வேட்டியெல்லாம் ஒட்டிக்கொண்டது. உழவுக்கு ஆகும் என்று எழுதி, படத்தில் அந்த இடத்துக்கு மஞ்சள் அடித்து மெட்ராசுக்கு அனுப்பிவிட்டார் சார்.

சித்திரையில் பக்கத்துக் காட்டோரத்தைப் பார்க்கத் திரும்பப் போனோம். மத்தியானம் அதே புறம்போக்கில், எங்கள் பழைய குழி மூடிய ஒரு உசில மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம். சார் தயிர் சாதப் பொட்டலத்தைப் பிரித்தார். எங்கிருந்தோ ஒரு செம்மறிக் கூட்டம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, எங்களை நடுவில் வைத்து நெருக்கிக்கொண்டு படுத்துவிட்டது. ஒரு ஆடு சாரின் முதுகில் சாய்ந்தது. இன்னொன்று மாணிக்கத்தின் பொட்டலத்துக்குள் மூக்கை விட்டது.

“அய்யய்யோ, எடுத்துட்டுப் போ தாயி உன் புள்ளைங்களை!” என்று மாணிக்கம் கத்தினான்.

பின்னால் வந்தவள் செல்லாயி. ஐம்பது வயதிருக்கும், தோளில் கம்பளி, கையில் துரட்டிக் கம்பு. அவளும் அவள் தங்கையும் சேர்ந்து அந்தக் கூட்டத்தை வைத்திருந்தார்கள். “நீங்கதான் எந்திரிச்சுப் போகணும். இது அதுங்க இடம். உச்சி வெயிலுக்கு எங்க தாத்தன் காலத்துலேர்ந்து இங்கதான் படுக்குது” என்றாள். அப்புறம் எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தாள். “இந்த மந்தைவெளி பூரா நாலஞ்சு மரம்தான். ஆட்டுக்கும் அதான், ஆபீசருக்கும் அதான்.”

நாங்களும் சிரித்தோம். அருளப்பன் சார் மட்டும் சிரிக்கவில்லை. வாய்க்குக் கொண்டுபோன சோறு கையிலேயே நின்றது. சுற்றிலும் இருந்த நாயுருவியைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார், தூரத்தில் வெறுமையாகக் கிடந்த சரளையைப் பார்த்தார். பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

“கோவிந்தன், கடப்பாரையை எடுத்துட்டு வாங்க. அந்த வெயில்ல ஒரு இடம், எதுன்னாலும் சரி.”

மரத்திலிருந்து நூறு அடி தள்ளிக் கடப்பாரையைப் போட்டேன். ஒரு சாண் இறங்கியது. அதற்குக் கீழே ணங் என்று நெருப்புப் பறந்தது. இன்னும் தள்ளிப் போட்டேன். அங்கேயும் அப்படித்தான்.

சார் குரலை உயர்த்தவே இல்லை. “ஆழம் இருக்கிற இடத்துலதான் மரம் பிழைச்சிருக்கு. மரம் இருக்கிற இடத்துலதான் ஆடு படுத்திருக்கு, புழுக்கை விழுந்து மண்ணு கறுத்து நாயுருவி முளைச்சிருக்கு. ஆடு படுத்த இடத்துலயே நாமளும் போய்ப் படுத்திருக்கோம்” என்றார். “இதை உழுதா ரெண்டு மழையில மேல் மண்ணு பூரா ஏரிக்குள்ள போயிடும். ஏரியும் தூர்ந்துடும், ஆடும் போயிடும். நான் அதுக்கு மஞ்சள் அடிச்சு அனுப்பியிருக்கேன்.”

“சார், அனுப்பினது அனுப்பினதுதானே? யாரு வந்து பார்க்கப் போறா?” என்றான் மாணிக்கம்.

“நான் பார்த்துட்டேனே” என்றார் சார்.

அன்றைக்கே மெட்ராசுக்குக் கடிதம் எழுதினார், தான் அனுப்பியது தப்பு என்று. ஒரு வாரத்தில் மெட்ராசிலிருந்து பெரிய ஆபீசரே ஜீப்பில் வந்து இறங்கினார். வந்தவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி கத்தலைவிடச் சங்கடமாக இருந்தது. “முதல்ல நல்ல இடமாப் பார்த்து வெட்டினீங்க. இப்ப மோசமான இடமாப் பார்த்து வெட்டுறீங்க. நான் எதைய்யா நம்புறது?”

நியாயமான கேள்வி. அருளப்பன் சாரும் அப்படித்தான் நினைத்தார் போல. “நான் இடம் பார்க்கலை சார். நீங்களும் பார்க்க வேண்டாம். எல்லைக்கல் ரெண்டை மட்டும் காட்டுங்க” என்றார். மலையடியில் ஒரு கல், ஏரிக்கரையில் ஒரு கல் என்று பெரிய ஆபீசர் கைகாட்டினார். அந்தக் கல்லிலிருந்து இந்தக் கல்லுக்கு நேர்கோடாகச் சங்கிலி போக வேண்டும். ரெண்டு சங்கிலி நீளத்துக்கு ஒரு குழி. சங்கிலியின் நுனி எங்கே விழுகிறதோ அங்கே வெட்ட வேண்டும். முள்ளானாலும் கல்லானாலும் ஒரு அடிகூடத் தள்ளக் கூடாது. அதுதான் ஏற்பாடு.

கூலி ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நானும் மாணிக்கமும்தான். சித்திரை வெயிலில் சரளையை வெட்டுவது எப்படி என்று எழுதத் தெரியவில்லை. கடப்பாரை சூட்டில் பிடிக்க முடியாமல் ஈரத் துணி சுற்றிக்கொண்டோம். சூரைமுள் புதருக்குள் ஒரு புள்ளி விழுந்தது. மாணிக்கம், “அண்ணே, இந்த எல்லைக்கல்லை நட்டவன் நம்ம சம்பந்திக்காரனா இருப்பான், அவ்வளவு பாசம்” என்றான். புதரை வெட்டி, இடத்தைச் சுத்தம் பண்ணி, குழியை இறக்கினோம். பெரிய ஆபீசர் குடையோடு கூடவே நடந்தார். ஒவ்வொரு குழிக்கும் அருளப்பன் சார் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார், அதே கத்தி, அதே திராவகப் புட்டி, ஒன்றையும் குறைக்கவில்லை. அந்தச் சூட்டு மண்ணில் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்து எனக்குத்தான் கால் எரிந்தது. ஒரு குழி செல்லாயியின் ஆட்டுப் பட்டிக்குள்ளேயே விழுந்தது. அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, நின்றேன். அவளே படலை நகர்த்திவிட்டு, “வெட்டுங்க வெட்டுங்க. என் அடுப்புக்குள்ள விழாம இருந்தா சரி” என்றாள். அதற்குள் விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மண் ஆழம் இல்லை என்று வந்தால் மந்தைவெளி ஆட்டுக்கே தங்கும். அதனால் ஒவ்வொரு குழியிலும் கடப்பாரை சரளையில் இடிக்கிற சத்தம் கேட்டதும் அவள் முகம் தெளியும். எங்களுக்கும் அப்படித்தான். யாரும் சொல்லவில்லை, ஆனால் நாங்கள் மூன்று பேரும் அவள் பக்கம் வந்துவிட்டோம்.

ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் சங்கிலியை இழுத்துப் போட்டேன். நுனி போய் விழுந்தது ஒரு உசில மர நிழலின் விளிம்பில். நாயுருவிக்குள்.

பெரிய ஆபீசர் பின்னால் வந்துகொண்டிருந்தார், இன்னும் எட்டவில்லை. மாணிக்கம் குனிந்து என் காதில் சொன்னான்: “அண்ணே, சங்கிலியை ஒரு இழுப்பு இழுங்க. நாலு அடி தள்ளினா சரளை. யாருக்கும் தெரியாது. பாவம் அந்தப் பொம்பளை.”

எனக்கும் இழுக்க வேண்டும் போலத்தான் இருந்தது. செல்லாயி பத்தடி தள்ளி நின்று என்னையே பார்த்தாள். அருளப்பன் சார் என் கையைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெரிய ஆபீசர் வந்து, “எங்கய்யா புள்ளி?” என்றார்.

நாலு பேருக்கு முன்னால் நான் வாய் திறந்தது அநேகமாக அன்றைக்குத்தான். “இங்கதானுங்க. சங்கிலி இங்கதான் விழுந்தது” என்று சொல்லி முளையை அடித்தேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

வெட்டினோம். வெண்ணெய் மாதிரி இறங்கியது. இடுப்பளவு போயும் கறுப்பு மண்தான். செல்லாயி குழியை எட்டிப் பார்த்தாள். “நல்லா வெட்டினீங்க. எங்க வயித்துலயே வெட்டினீங்க” என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு ஏரிக்கரைக் கல் வரைக்கும் மிச்சக் குழிகளையும் வெட்டி முடித்தோம். அவையெல்லாம் சரளைதான். அதைப் பார்க்க அவள் இல்லை.

பெரிய ஆபீசர் அங்கே ஒன்றும் முடிவு சொல்லவில்லை. ஜீப்பில் ஏறும்போது மட்டும், “அந்த நிழல் குழியையும் எழுதியிருக்கீங்கல்ல?” என்று கேட்டார். “முதல்ல அதைத்தான் எழுதினேன்” என்றார் அருளப்பன் சார். பெரியவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

முடிவு வர ஆடி முடிந்துவிட்டது. அந்தப் புறம்போக்குக்கு மேய்ச்சல் நிலம் என்று பச்சை அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மரத்தடிகளை மட்டும் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளியாக விடச் சொன்னார் அருளப்பன் சார். படம் வரைகிறவர், “பச்சையில அம்மைத் தழும்பு மாதிரி இருக்குது சார், விட்டுடலாமே” என்றார். “மண்ணு அப்படித்தான் இருக்கு” என்று சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியையும் வைக்க வைத்தார். முதல் படத்தைத் திருப்பி வாங்கியதற்காக அவருக்கு வர வேண்டிய உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப் போனது. அதைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதில்லை. மாணிக்கம்தான் ஆபீசில் கேள்விப்பட்டு வந்து சொன்னான்.

புதிதாக வந்திருக்கும் ஆபீசர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். போட்டோவில் மரம் கறுப்பாகத் தெரியும். கண் அங்கேதான் போகும், காலும் அங்கேதான் போகும். இரண்டு கல்லுக்கு நடுவே கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டில் போங்கள். கோடு நிழலில் விழுந்தால் நிழலில் வெட்டுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. படத்துக்குக் கலர் அடித்து ஒரு வாரம் இருக்கும். ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போகச் சத்திரம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். லால்குடி பஸ் ஒன்று புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் செல்லாயி, மடியில் ஒரு மூட்டை, பக்கத்தில் அவள் தங்கை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, அவளே கூப்பிட்டாள்.

“ஏங்க, குழிக்காரரே. நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேங்க. எங்க இந்தப் பக்கம்?”

“லால்குடியில ஒரு வியாபாரி ஆட்டை மொத்தமா எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கார். பேசி முடிக்கப் போறோம். டிராக்டர் வந்தப்புறம் வித்தா கேக்குற வெலைக்குத்தானே குடுக்கணும்.”

பஸ் நிறைய ஆட்கள், எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் மெல்ல நகர்ந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

“விக்காதீங்க!” என்று கத்தினேன். “டிராக்டர் வராதுங்க. மேய்ச்சலுக்குன்னே எழுதியாச்சு. படத்தை நானே பார்த்தேன். விக்காதீங்க!”

“நிஜமாவா? அந்தக் கறுப்பு மண்ணுக் குழி?”

“அதையும் எழுதியிருக்கு. அதையும் எழுதினதாலதான் மத்த குழியை நம்பினாங்க.”

செல்லாயி எழுந்துவிட்டாள். “நிறுத்துங்க, நிறுத்துங்க! எறங்கணும்!”

“என்னம்மா இது, டிக்கெட் கிழிச்சாச்சு, அப்புறம் எறங்கணுங்கிறே” என்று கண்டக்டர் எரிந்து விழுந்தார்.

“கிழிச்சது கிழிச்சதா இருக்கட்டும்ங்க. எங்களை எறக்கி விடுங்க. ஆடு பட்டினியாக் கட்டிக் கெடக்கு” என்று சொல்லிக்கொண்டே, மூட்டையை ஜன்னல் வழியாக என் கையில் போட்டுவிட்டு, தங்கையையும் இழுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். உப்பிலியபுரம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். நானே கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன்.

ஸ்ரீரங்கம்,
கீலக வருஷம், மாசி மாதம் பன்னிரண்டாம் தேதி.